கலைக்கூடத்தில் பகுதிநேரப் பார்வையாளர் சேவை வேலை: சேரலாமா?

தூரிகை

வணக்கம். ஒரு கலை மையத்தில் பகுதிநேரப் பார்வையாளர் சேவை வேலைக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு கண்காட்சிக் கூடங்கள், ஓர் அரங்கம், சின்னதாக ஒரு புத்தகக் கடை உள்ள இடம். வாரத்துக்கு மூன்று ஷிப்ட், அதில் ஒன்றாவது வார இறுதியில் இருக்க வேண்டுமாம்.

நான் கலை வரலாற்றில் முதுகலை படிக்கிறேன். பின்னாளில் கியூரேட்டர் (கண்காட்சிக்குப் படைப்புகளைத் தேர்ந்து அமைப்பவர்) ஆக வேண்டும் என்று ஆசை. வேலை விவரத்தில் "பார்வையாளர்களை வரவேற்றல், டிக்கெட் சரிபார்த்தல், படைப்புகளைப் பாதுகாத்தல்" என்பதோடு நிறுத்திவிட்டார்கள். உண்மையில் அங்கே ஒரு நாள் எப்படிப் போகும்? படிப்போடு சேர்த்துச் சமாளிக்க முடியுமா? கியூரேட்டர் ஆவதற்கு இது உதவுமா, இல்லை கைச்செலவுக்கு மட்டும்தானா? அனுபவம் உள்ளவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கடைசி_வரிசை

நான் அரங்கப் பக்கம், அதனால் அதைப் பற்றிச் சொல்கிறேன். கண்காட்சிக் கூடத்தைப் பற்றி வேறு யாராவது வந்து சொல்வார்கள்.

கதவு திறப்பதற்கு வெகு முன்பே வந்துவிட வேண்டும். முதலில் ஷிப்ட் மேலாளர் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசுவார். எத்தனை டிக்கெட் போயிருக்கிறது, இடைவேளை உண்டா, மேடையில் புகை வருமா, துப்பாக்கிச் சத்தம் வருமா, சக்கர நாற்காலியில் எத்தனை பேர் வருகிறார்கள், தாமதமாக வருகிறவர்களை எந்த இடத்தில் உள்ளே விடலாம். விட்டுவிட்டு மின்னும் விளக்கு இருந்தால் அதையும் கட்டாயம் சொல்வார். அது சிலருக்கு வலிப்பைத் தூண்டிவிடும். வாசலில் ஒருவர் கேட்கும்போது "தெரியவில்லையே" என்று நின்றால் அவர் பாதுகாப்பு உங்கள் கையிலிருந்து நழுவிவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் வெளியேறும் வழிகள். ஒவ்வொரு ஷிப்டிலும் உங்கள் பகுதியிலுள்ள அவசரக் கதவுகளைத் தள்ளிப் பார்க்க வேண்டும். முன்னால் நாற்காலியோ பெட்டியோ கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோகுவா நாடக அரங்கில் தீப்பிடித்தபோது 600 பேருக்கு மேல் இறந்தார்கள். வெளியேறும் கதவுகள் பல பூட்டிக் கிடந்தன, சில திரைச்சீலைக்குப் பின்னால் மறைந்திருந்தன. இருக்கை காட்டும் பணியாளர்களுக்கு ஒரு தீயணைப்பு ஒத்திகைகூட நடத்தியிருக்கவில்லை. இன்று நாம் உடம்பால் தள்ளினாலே திறக்கும் கம்பி வைத்த கதவுகள் புழக்கத்துக்கு வந்ததற்கு அந்த விபத்தும் ஒரு காரணம். பயிற்சியில் இதை ஓட்டமாகச் சொல்லி முடிப்பார்கள். நீங்கள் நிறுத்திக் கேளுங்கள்.

தாமதமாக வருகிறவர்களை இருட்டில் அழைத்துப்போவது தனி வித்தை. டார்ச்சை இடுப்புக்குக் கீழே பிடித்து, கண்ணாடியை விரல்களால் பாதி மூடிக்கொள்ள வேண்டும். அவர் அடுத்துக் கால் வைக்கப்போகும் படியில் மட்டும் வெளிச்சம் விழ வேண்டும். முகத்திலும் படக்கூடாது, மேடையைப் பார்த்தும் திரும்பக்கூடாது. வரிசை வந்ததும் இருக்கை எண்ணை வாயால் சொல்லக்கூடாது. வெளிச்சத்தை இருக்கைமேல் ஒரு கணம் வைத்து எடுத்தால் போதும், அவருக்கே புரிந்துவிடும்.

நிழல்மேடை

தூரிகை, நேராகச் சொல்லிவிடுகிறேன். கியூரேட்டர் ஆவதற்கு இது வழி இல்லை. கண்காட்சிக் கூடமும் அலுவலகமும் ஒரே கட்டடத்தில் இருந்தாலும் இரண்டு உலகம். நான் வேலை பார்த்த இடத்தில் கண்காட்சிப் பிரிவில் பணியிடம் காலியானபோதெல்லாம் வெளியிலிருந்துதான் ஆள் எடுத்தார்கள். எங்களில் நான்கைந்து பேர் முதுகலை முடித்தவர்கள், விண்ணப்பமும் போட்டோம். நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடவில்லை.

படிக்கும்போது கைச்செலவுக்கு என்றால் சரி, போங்கள். அதற்கு மேல் நம்பிக்கை வைத்து வருஷத்தைக் கரைக்காதீர்கள்.

வாசல்விளக்கு

நிழல்மேடை சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். பதவி உயர்வு தானாக வராது. ஆனால் "வழி இல்லை" என்று முடிப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கூடத்தில் நிற்கும் ஆளுக்குக் கிடைக்கும் ஓர் அறிவு மாடியில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைப்பதில்லை. பலர் அதை எடுத்துக்கொள்ளாமல் நின்றுவிட்டுப் போய்விடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

ஓர் எடுத்துக்காட்டு. நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் மக்கள் ஓர் ஓவியத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அளந்து 2001இல் ஓர் ஆய்வு வந்தது. சராசரி 27.2 வினாடி. பாதிப் பேர் 17 வினாடிக்குள் நகர்ந்துவிட்டார்கள், அதுவும் பக்கத்திலிருக்கும் விளக்க அட்டையைப் படிக்கும் நேரத்தையும் சேர்த்து. அது பெயர்பெற்ற ஓவியங்களுக்கு முன்னால் எடுத்த கணக்கு. இதைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் கூடத்தில் நின்று கவனிக்க வேண்டியிருந்தது. நீங்கள் நிற்பது அதே இடத்தில்தான். யார் எந்த மூலையில் திரும்பிப் போகிறார்கள், எந்த அட்டையைக் குனிந்து பார்த்துவிட்டுப் பாதியில் விடுகிறார்கள், எந்தப் படைப்பிடம் திரும்பி வருகிறார்கள் என்று ஷிப்ட் முழுக்க உங்கள் கண் முன்னால் நடக்கும்.

1916லேயே பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் இதைப் படம் பிடித்துக் காட்டினார். ஒரு மனிதரைக் காட்சிப் பெட்டிகளை ஒழுங்காகப் பார்க்கச் சொல்லி, அதற்காக அவர் எப்படியெல்லாம் குனிகிறார், முட்டி மடக்குகிறார், கழுத்தை வளைக்கிறார் என்று புகைப்படம் எடுத்து வெளியிட்டார். அருங்காட்சியகக் களைப்பு என்ற பேச்சே அங்கிருந்துதான் கிளம்பியது. ஆண்டுகள் நூறு தாண்டியும் விளக்க அட்டையை முழங்கால் உயரத்தில் ஒட்டுகிறார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர் பார்க்கும் கோணத்தில் அட்டைமேல் விளக்கொளி பளபளத்து எழுத்தே தெரியாமல் போகிறது. அதைத் தினம் பார்ப்பது நாம்தான்.

கூடத்தில் நின்றவர்கள் கலையில் எங்கேயும் போகவில்லை என்பதும் சரியில்லை. ராபர்ட் ரைமன் சாக்ஸபோன் வாசிக்க நியூயார்க் வந்தவர். 1953 முதல் 1960 வரை நவீனக் கலை அருங்காட்சியகத்தில் காவலராக நின்றார், அங்கேயே படங்களைப் பார்த்துப் பார்த்து ஓவியர் ஆனார். பிறகு பெயர்பெற்ற கலைஞர்களான இன்னும் இருவர்: டான் ஃப்ளாவினும் அதே இடத்தில் காவலர், சோல் லெவிட் அங்கே வரவேற்பு மேசையில் இருந்தார். 2022இல் பால்டிமோர் கலை அருங்காட்சியகத்தில் காவலர்கள் 17 பேர் சேர்ந்து படைப்புகளைத் தேர்ந்து ஒரு கண்காட்சியே வைத்தார்கள். அந்த வேலைக்குத் தனியாகச் சம்பளமும் கொடுத்தார்கள். அந்தச் சம்பளம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் முடிந்ததும் வந்தவர்கள் கேட்ட கேள்விகளை அப்படியே எழுதுங்கள். பார்வையாளர் பெயரோ அடையாளமோ வேண்டாம், கேள்வி மட்டும் போதும். ஒரு கண்காட்சி முடியும்போது அதைச் சுருக்கி ஒரு பக்கமாகக் கண்காட்சிப் பிரிவுக்குக் கொடுங்கள். எங்கள் இடத்தில் அப்படிக் கொடுத்த பிறகுதான் ஒரு கூடத்தின் நுழைவுச் சுவரில் இருந்த நீண்ட உரையைக் குறைத்தார்கள்.

தூரிகை

மூன்று பேருக்கும் மிக்க நன்றி. நோட்டுப் புத்தக யோசனை மனதில் பதிந்துவிட்டது.

எனக்குப் பயம் இரண்டு விஷயத்தில். யாராவது படைப்பைத் தொடப் போனால் எப்படி நிறுத்துவது? நான் சத்தமாகப் பேசுகிற ஆளே இல்லை. இன்னொன்று, கோபமாக வருகிறவர்கள். நுழைவு நேரம் முடிந்துவிட்டது என்று சொன்னால் சண்டைக்கு வருவார்களே?

வாசல்விளக்கு

சத்தம் தேவையே இல்லை தம்பி (தங்கையா? தெரியவில்லை, மன்னியுங்கள்). கத்தினால் அவர் திடுக்கிட்டுக் கை பட்டுவிடும், அதுதான் ஆபத்து.

தொடப் போகிறவரின் உடம்பு முன்கூட்டியே சொல்லிவிடும். பார்த்துக்கொண்டிருந்தவர் தோளைச் சாய்ப்பார், ஒரு கால் தரையில் போட்ட கோட்டைத் தாண்டும், சுட்டு விரல் மட்டும் தனியாக நீளும். பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவருக்கு எதையோ காட்டத்தான் அந்த விரல் போகிறது, தொட வேண்டும் என்ற எண்ணமே இருக்காது. அந்தச் சாய்வைப் பார்த்ததும் பக்கவாட்டில் நடந்து அவர் கண்ணில் படும்படி வந்து, உள்ளங்கையைத் தாழ்வாகக் காட்டி, "கொஞ்சம் பின்னால் நின்று பாருங்கள்" என்று சொல்லுங்கள். பின்னாலிருந்து போய்த் தோளைத் தொடாதீர்கள். ஏன் என்று கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள். விரலில் இருக்கும் எண்ணெயும் உப்பும் பரப்பில் தங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்து நாளடைவில் கெடுக்கும். காரணம் சொன்னால் பெரும்பாலோர் கேட்டுக்கொள்கிறார்கள். குழந்தைகள் பெரியவர்களைவிட நன்றாகக் கேட்டுக்கொள்கிறார்கள்.

ஆனால் எது எதைத் தொடலாம் என்பது கண்காட்சிக்குக் கண்காட்சி மாறும். ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ் 1991இல் செய்த ஒரு படைப்பு, பளபளக்கும் தாளில் சுற்றிய மிட்டாய்க் குவியல். எய்ட்ஸால் இறந்த தன் துணைவர் ராஸின் நினைவாகச் செய்தது. குவியலின் உகந்த எடை 175 பவுண்டு என்பது அதன் குறிப்பு. பார்வையாளர் ஒரு மிட்டாய் எடுத்துக்கொள்ளலாம். எடுக்க எடுக்க குவியல் குறையும், மறுபடி நிரப்பலாம். அங்கே நிற்கிற காவலர் "தொடாதீர்கள்" என்றால் படைப்பையே தடுத்துவிடுகிறார். எடுக்கலாம் என்று தெரியாமல் தயங்கி நிற்கிறவரிடம் என்ன சொல்வது, எவ்வளவு சொல்வது என்று தீர்மானிப்பது அந்தக் கணத்தில் நீங்கள்தான். கலை வரலாறு படித்தவருக்கு இதைவிட நல்ல பாடம் வகுப்பறையில் கிடைக்குமா என்று எனக்குத் தோன்றவில்லை.

எட்டாம்_எண்

நான் ஒரு கலை மையத்தில் ஷிப்ட் மேலாளர், ஆள் எடுக்கும் குழுவிலும் இருக்கிறேன்.

கோபமாக வருகிறவர் விஷயம். அவர் வாசலுக்கு வரும் முன்பே ஏதோ நடந்திருக்கும். வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் சுற்றியிருப்பார், டிக்கெட் கைப்பேசியில் திறந்திருக்காது. முதலில் முழுதாகச் சொல்ல விடுங்கள். உங்கள் கையில் இருப்பதை மட்டும் கொடுங்கள். "இன்று உள்ளே போக முடியாது, இதே டிக்கெட்டை வேறு நாளுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுத் தருகிறேன்" என்பதுபோல. அதிகாரம் இல்லாத விஷயத்தில் வாக்குக் கொடுக்காதீர்கள். வசை தொடங்கினால் அதோடு உங்கள் பொறுப்பு முடிந்தது. வாக்கி டாக்கியில் என்னைக் கூப்பிட்டுவிட்டு விலகிவிடலாம். நல்ல இடம் எதுவும் இதில் பணியாளரைத் தனியாக விடாது.

நேர்காணலில் கலையறிவைப் பற்றி நான் கேட்பது குறைவு. "கூடத்தில் ஒரு குழந்தை தனியாக அழுதுகொண்டு நிற்கிறது, அதே நேரம் ஒருவர் ஓவியத்தை ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கிறார், நீங்கள் ஒரே ஆள், என்ன செய்வீர்கள்?" என்று கேட்பேன். குழந்தை பக்கம் போய் உட்கார்ந்து, அங்கிருந்தே வாக்கி டாக்கியில் செய்தி சொல்லி, ஃபிளாஷ்காரரிடம் குரல் கொடுப்பேன் என்று சொன்ன பெண்ணை உடனே எடுத்தோம். ஓவியத்தை முதலில் சொல்கிறவர்களிடம் எனக்குத் தயக்கம் வரும்.

தினம் வரும் கேள்விகளுக்குப் பதிலைத் தயாராக வைத்திருங்கள். கழிப்பறை எங்கே என்பது முதலில் வரும், அதை முகம் சுளிக்காமல் முதல் தடவை கேட்பதுபோலவே சொல்ல வேண்டும். அடுத்தது, "ஏன் இவ்வளவு இருட்டாக வைத்திருக்கிறீர்கள்?" காகிதத்தில் செய்த படைப்பு, நீர்வண்ணம், துணி இவற்றுக்கு வெளிச்சம் ஏறக்குறைய 50 லக்ஸுக்குள் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்பது பரவலாகக் கடைப்பிடிக்கும் அளவு. எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு 200 வரை போகலாம். வெளிச்சத்தால் மங்கிய நிறம் திரும்பி வராது. இதைச் சொல்லிவிட்டு, "இரண்டு நிமிஷம் நின்றால் கண் பழகிவிடும்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நிமிஷத்தில் அவர் வாசல்விளக்கு சொன்ன சராசரியைத் தாண்டிவிடுவார்.

செவிச்சுருள்

நான் பணியாளர் இல்லை, பார்வையாளர். காது கேட்கும் கருவி அணிகிறேன், அதனால் ஒரு வார்த்தை.

பல அரங்குகளில், டிக்கெட் மேசைகளில் காதுப் படமும் டி எழுத்தும் போட்ட பலகை இருக்கும். அங்கே ஒலி தூண்டல் வளையம் இருக்கிறது, கருவியை டி நிலைக்கு மாற்றினால் மைக்கில் பேசும் குரல் நேராகக் காதுக்குள் வரும் என்று அர்த்தம். நான் போகும் இடங்களில் அடிக்கடி நடப்பது என்னவென்றால், பலகை இருக்கும், வளையம் அணைந்து கிடக்கும். மேசையில் கேட்டால், அது என்னவென்றே தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். தவறு அந்தப் பிள்ளைகள் மேல் இல்லை, யாரும் சொல்லித் தரவில்லை. அதற்குள் நிகழ்ச்சி தொடங்கிவிடும்.

ஒரே ஒரு தடவை, மேசையில் இருந்த பகுதிநேரப் பெண் ஒருவர் நான் கருவியைத் தொடுவதைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே மேசைக்கு அடியில் குனிந்து சுவிட்சைப் போட்டார். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்து, "இப்போது கேட்கிறதா?" என்றார். அந்த நிகழ்ச்சியில் எல்லா வார்த்தையும் எனக்குக் கேட்டது. இதை எழுதும்போதும் அவருக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

தூரிகை, சேர்ந்தால் முதல் நாளே அந்த சுவிட்ச் எங்கே என்று கேளுங்கள். பார்வையற்றவர் வந்தால் அவர் கையைப் பிடித்து இழுக்காமல் உங்கள் முழங்கையைக் கொடுத்து அரை அடி முன்னால் நடங்கள். துணைக்கு வந்தவரிடம் பேசாமல் அவரிடமே பேசுங்கள்.

நிழல்மேடை

வாசல்விளக்கு சொன்னதை யோசித்துப் பார்த்தேன். வேலையில் கற்றுக்கொள்ள இருக்கிறது, மறுக்கவில்லை. என் கோபம் வேலை மேல் இல்லை, அதை நடத்துகிற விதத்தின் மேல்.

என்னை எடுத்தபோது வாரம் மூன்று ஷிப்ட் என்றார்கள். கண்காட்சி மாற்றும் மாதத்தில் ஒன்றுகூட வரவில்லை. பள்ளி விடுமுறையில் முந்தைய நாள் இரவு செய்தி அனுப்பி மறுநாள் காலை வரச் சொன்னார்கள். மூடிய பிறகு கூடம் கூடமாகப் போய்ப் பார்த்து, கல்லாவைக் கணக்கு முடித்துக் கிளம்ப அரை மணி நேரம் ஆகும், அதற்குச் சம்பளம் இல்லை. படிக்கிறவரால் இந்த நிச்சயமின்மையோடு தேர்வு எழுத முடியாது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 175ஆம் உடன்படிக்கை, 1994இல் வந்தது, பகுதிநேர வேலையைப் பற்றியதே. முழுநேர ஆளுக்கு உள்ள பாதுகாப்பு, விடுப்பு, சங்கத்தில் சேரும் உரிமை எல்லாம் பகுதிநேர ஆளுக்கும் உண்டு, மணிக்கணக்கில் பார்த்தால் சம்பளம் குறையக்கூடாது என்கிறது. எல்லா நாடும் அதை ஏற்கவில்லை. ஆனாலும் நாம் கேட்பது நியாயமா என்று தயங்குகிறவர்கள் அதைப் படிக்க வேண்டும். 2025 ஜூன் 16 அன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் கூடக் காவலர்களும் டிக்கெட் பணியாளர்களும் நெரிசலும் ஆள் பற்றாக்குறையும் தாங்காமல் வேலையை நிறுத்தினார்கள், திறக்கும் நேரத்தில் கதவு திறக்கவில்லை. உலகத்தின் அத்தனை பெரிய இடத்திலேயே இதுதான் நிலைமை.

எட்டாம்_எண்

இதில் நான் எதிர்வாதம் செய்யப்போவதில்லை. அட்டவணையைக் குறைந்தது இரண்டு வாரம் முன்னால் கொடுக்காத மேலாளர் தன் வேலையைச் செய்யவில்லை. மூடும் வேலை ஷிப்டுக்குள்தான் வர வேண்டும்.

நேர்காணலில் கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று பயப்படாதீர்கள். மாதத்துக்குக் குறைந்தபட்சம் எத்தனை மணி நேரம் உறுதி, கண்காட்சி மாற்றும் காலத்தில் என்ன வேலை, தேர்வுக் காலத்தில் ஷிப்ட் மாற்றிக்கொள்ள வழி உண்டா, பயிற்சி நாட்களுக்குச் சம்பளம் உண்டா, இவற்றைக் கேட்டே ஆகுங்கள். கூடவே, ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் நிற்க வைப்பார்கள் என்பதையும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இடம் மாற்றாத கூடத்தில் யாருக்கும் கவனம் நிற்காது. 2021 டிசம்பரில் ரஷ்யாவின் யெகாட்டரின்பர்க்கில் ஒரு காவலர் அன்னா லெபோர்ஸ்காயாவின் ஓவியத்தில் முகமில்லாத உருவங்களுக்குப் பால்பாயின்ட் பேனாவால் கண் வரைந்துவிட்டார். காவலுக்கு ஆள் நிறுத்திவிட்டால் போதும், பயிற்சியும் மேற்பார்வையும் வேண்டாம் என்று நினைக்கும் நிர்வாகிகளிடம் அதை நான் அடிக்கடி சொல்கிறேன்.

கடைசி_வரிசை

கால் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஷூ புதிதாக வாங்கினால் வீட்டில் பழக்கிவிட்டுப் போட்டு வாருங்கள், அரை அளவு பெரிதாக எடுங்கள், மாலையில் கால் வீங்கும். முட்டியை இறுக்கிப் பூட்டிக்கொண்டு நிற்காதீர்கள், தலை சுற்றி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மெதுவாக நடந்துகொண்டே இருப்பது ஒரே இடத்தில் நிற்பதைவிட எவ்வளவோ மேல். கருங்கல் தரை என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி காலுறை.

தூரிகை

நேர்காணல் முடிந்தது, எடுத்துக்கொண்டார்கள்! எட்டாம்_எண் சொன்னதுபோலவே ஒரு கேள்வி வந்தது. நானும் கேட்டேன். ஒலி வளையத்தின் சுவிட்ச் எங்கே என்றதும் கேள்வி கேட்டவர்களில் ஒருவர் எழுந்துபோய் மேசையில் பார்த்துவிட்டு வந்தார். அணைந்துதான் கிடந்ததாம். செவிச்சுருள் அவர்களே, இப்போது அது வேலை செய்கிறது.

சனிக்கிழமை நிரந்தரமாக, வாரநாளில் ஒரு ஷிப்ட் உறுதி. மூன்றாவதைத் தேவைப்பட்டால் என்று வைத்திருக்கிறார்கள், தேர்வு மாதத்தில் அதை மறுக்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். வாசல்விளக்கு, நான் தங்கைதான்.

நிழல்மேடை

வாழ்த்துகள். மூடிய பிறகான நேரம்?

தூரிகை

கேட்டேன். ஷிப்டுக்குள் வருகிறது. வாயால் சொன்னார்கள், எழுதிக் கேட்டேன், கடிதத்தில் அந்த வரியைச் சேர்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.